இடது கை பின்னால் வரும்

ஷாகுல் பாயின் இடது கை செயலிழந்துவிட்டது என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். கை இருக்கிறது, வேலையும் செய்கிறது. என்ன, பம்மல் ஷேர் ஆட்டோவைப் போலச் செய்கிறது. கூப்பிட்டவுடன் கிளம்புவதில்லை. எட்டாவது ஆளுக்காகக் காத்திருப்பதைப் போல இருந்த இடத்திலேயே கொஞ்சம் நடுங்கிக்கொண்டு நிற்கும். எல்லாரும் அதை மறந்து வேறு பேச்சுக்குப் போன பிறகு, மெல்ல நகர்ந்து போய் டீ டம்ளரைப் பிடிக்கும். டீ அதற்குள் ஆறிப்போயிருக்கும்.

ஜனவரிக் கடைசியில் ஒரு புதன்கிழமை, பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அவருக்கு அது வந்தது. "மைல்ட் ஸ்ட்ரோக்தான்" என்றார் டாக்டர். மைல்ட் என்பது டாக்டர்கள் அடுத்தவர் உடம்புக்கென்றே வைத்திருக்கிற சொல். வாய் நேராகிவிட்டது, கால் நடந்துவிட்டது. நாகல்கேணியில் அவர் ஸ்டோர் கீப்பராக இருந்த தோல் கம்பெனியில், உட்கார்ந்தபடியே கையெழுத்துப் போடும் வேலையாகக் கொடுத்துவிட்டார்கள். அதற்கு வலது கை போதும். ஐம்பத்து நாலு வயது மனிதருக்கு இதற்கு மேல் என்ன குறை என்று சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து, பிஸ்கட் தின்று, திருப்தியோடு திரும்பிப் போனார்கள்.

குறை என்னவென்று அவருக்குத் தெரியும். அவர் மனைவி மெஹர் பானுவுக்குத் தெரியும். 'பூந்தென்றல் இன்னிசைக் குழு'வுக்கும் தெரியும்.

ஷாகுல் பாய் அந்தக் குழுவின் கீபோர்டு. இருபத்திரண்டு வருஷமாக, பல்லாவரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரைக்கும் உள்ள கல்யாண மண்டபங்களில் ரிசப்ஷனுக்கு வாசித்துக்கொண்டிருந்தார். ரிசப்ஷன் கச்சேரியை யாரும் கேட்பதில்லை என்பது அதை ஏற்பாடு செய்கிறவருக்கும் தெரியும், வாசிக்கிறவருக்கும் தெரியும். வந்தவர்களுக்கு மேடை வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது, சாப்பாட்டு ஹாலில் யார் எழுந்திருப்பார்கள் என்று முதுகுக்குப் பின்னால் நிற்க வேண்டியிருக்கிறது. கையில் மொய்க் கவர், இடுப்பில் குழந்தை, வாயில் பீடா. கைதட்டுவதற்குக் கை எங்கே இருக்கிறது?

இதற்கு ஒரு வழியைக் கண்டுபிடித்தவர் ஷாகுல் பாய்தான். அவருடைய கீபோர்டில் புல்லாங்குழல், வயலின், ஹெலிகாப்டர் என்று வரிசையாகப் போகும் சத்தங்களில் நூற்று இருபத்தேழாவது, கைதட்டல். அதைக் கொண்டுபோய் இடது ஓரத்தின் கடைசிக் கட்டையில் கட்டிவைத்தார். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் அவருடைய இடது சுண்டுவிரல் அந்தக் கட்டையைத் தொடும். ஸ்பீக்கருக்குள் ஆயிரம் பேர் எழுந்து நின்று தட்டுவார்கள். பாடகர் குமரேசன் மைக்கை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, "நன்றி... நன்றி..." என்பார். இருபத்திரண்டு வருஷமாக அந்த மனிதர் நன்றி சொல்லி வந்தது ஒரு சுண்டுவிரலுக்குத்தான். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு மண்டபத்தில், யாரோ நடிகர் வந்துவிட்டார் போலிருக்கிறது என்று பாதி இலையில் எழுந்து ஓடிவந்தவர்கள் உண்டு.

மே மாதத் தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை குமரேசன் சாத்துக்குடியோடு வீட்டுக்கு வந்தார். பகலில் ஒரு கூரியர் ஆபீசில் மேனேஜர், சாயங்காலத்தில் குழுவின் தலைவர். வந்தவர் சாத்துக்குடியைப் பற்றியே ரொம்ப நேரம் பேசினார். அதிலேயே ஷாகுல் பாய்க்கு விஷயம் புரிந்துவிட்டது.

"சொல்லு குமரேசா. சாத்துக்குடிக்குக் கொட்டை இருக்குன்னு எனக்கும் தெரியும்."

"இல்ல பாய்... அடுத்த மாசம் முதல் ஞாயிறு, குரோம்பேட்டைல ஒரு ரிசப்ஷன். பெரிய எடம். லேப்டாப் வச்சு வாசிக்கிறவர் ஒருத்தர் இருக்காரு. இந்த ஒண்ணுக்கு மட்டும் பேசி வச்சிருக்கேன்."

"இந்த ஒண்ணுக்கு மட்டும்."

"ஆமா பாய். நீங்க ரெஸ்ட் எடுங்க."

ஒரு குழுவில் 'இந்த ஒண்ணுக்கு மட்டும்' வந்தவர் எப்படி இருபத்திரண்டு வருஷம் இருப்பார் என்பது ஷாகுல் பாய்க்கு நன்றாகவே தெரியும். அவரே அப்படி வந்தவர்தான்.

"ரிகர்சல் என்னிக்கு?"

"அதுக்கு முன்னாடி புதன்கிழமை..."

"நான் வர்றேன். கேட்டுப் பாரு. சரியா வரலன்னா லேப்டாப்பையே வச்சுக்கோ. அதுக்கப்புறம் எப்பவும் வச்சுக்கோ."

இதைச் சொன்ன பிறகுதான், எதைக் கொண்டு வாசிப்பது என்ற யோசனை அவருக்கு வந்தது. வலது கை பாட்டை வாசிக்கும். அதற்குக் கீழே பேஸ் என்கிற அடிச் சுரத்தையும் கார்டு என்கிற சுரக் கூட்டத்தையும் போட்டுத் தாங்குவது இடது கை. அதுதான் இப்போது எட்டாவது ஆளுக்காகக் காத்திருக்கிறதே.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து பல்லாவரம் சந்தைக்குப் போனார். எதையும் வாங்கப் போகவில்லை. உடைந்த சாமான்கள் நடுவே கொஞ்ச நேரம் நடந்தால் மனசுக்கு ஆறுதலாக இருக்கும் என்று போனார். தார்ப்பாயில் பரப்பியிருந்த மிக்ஸி ஜார், ரிமோட், ஒற்றைச் செருப்பு இவற்றுக்கு நடுவே, டிபன் தட்டு அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. மேலே பதினாறு ரப்பர் பொத்தான்.

"இன்னாபா இது?" என்று கேட்டார், தெரியாதவர் போல.

"அதத்தான் நானும் கேக்குறேன். பட்டன் கீது, லைட் எரிது, சத்தம் மட்டும் வரல. போன வாரம் ஒருத்தர் பிபி மிசின்னு சொன்னாரு. இஸ்கூல் பெல்லுன்னு ஒருத்தர் சொன்னாரு. நீ இன்னான்னு நெனச்சு வாங்குவ?"

ஷாகுல் பாய் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். ஐந்து துளையுள்ள வட்டமான இரண்டு சாக்கெட். ஒன்றின் மேல் 'இன்', இன்னொன்றின் மேல் 'அவுட்'. சீக்வென்சர். வாசித்ததை ஞாபகம் வைத்துக்கொண்டு, கீபோர்டைத் திரும்ப வாசிக்கச் சொல்லும் பெட்டி. ரொம்ப வருஷத்துக்கு முன்னால் இன்னொரு குழுவின் மேடையில் தூர இருந்து பார்த்திருக்கிறார். அதற்குச் சொந்தமாகச் சத்தம் கிடையாது. அதனால்தான் சந்தையில் அதற்கு மரியாதையும் கிடையாது.

"பிபி மிசின்தான்" என்று சொல்லி வாங்கிக்கொண்டார். அவருடைய பிபி அப்போது இருந்த நிலைமையில் அது பெரிய பொய்யும் இல்லை.

பெட்டியை கீபோர்டோடு இணைப்பது மெஹர் பானுவின் வேலையாயிற்று. அதற்கென்று வாங்கிய ஐந்து ஊசி ஒயர் இரண்டையும் ஐந்து துளைக்கு நேராகத் திருப்பிப் பிடித்துச் சொருக இரண்டு கை வேண்டும். அவள் பம்மலில் தோல் பர்ஸ் தைக்கும் யூனிட் ஒன்றில் செக்கர். ஒரு நாளைக்கு அறுநூறு பர்ஸ் அவள் கைக்கு வரும். தையல் விட்டுப்போனதைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் காதால் பிடித்துவிடுவாள். எட்டு மிஷின் ஓடும்போது எந்த மிஷினில் ஊசி தவறுகிறது என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லுவாள் என்று அந்த யூனிட்டில் அவளுக்குப் பெயர்.

ஆனால் ஒயர் விஷயத்தில் அவள் போட்டது வேறு கணக்கு. அவுட்டையும் அவுட்டையும் இணைத்தாள். ஒரே பேர், ஒரே மாதிரி துளை, ஜோடி சேர்த்துவிட்டாள். பெட்டி மினுக்கியது. ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இன்னையும் இன்னையும் இணைத்தாள். அப்போதும் நடக்கவில்லை.

ஷாகுல் பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "மெஹரு, அவுட்டுங்கிறது வாய். இன்னுங்கிறது காது. மொதல்ல நீ வாயையும் வாயையும் கட்டிட்ட. அப்பால காதையும் காதையும்."

"ரெண்டு பேரும் பேசினே இருந்தா யாருங்க கேக்குறது?"

"அதான்."

"நம்ம வூட்டுல இருபத்தஞ்சு வருஷமா அப்டித்தானே ஓடுது" என்று சொல்லிக்கொண்டே, கீபோர்டின் வாயைப் பெட்டியின் காதுக்கும், பெட்டியின் வாயை கீபோர்டின் காதுக்கும் மாற்றிச் சொருகினாள்.

இப்போது ஒரு கட்டையைத் தொட்டால் இரண்டு முறை சத்தம் வந்தது. கீபோர்டு தானாக ஒரு தடவை வாசித்தது, பெட்டி திருப்பிச் சொன்னதைக் கேட்டு இன்னொரு தடவை வாசித்தது. இதைத் தீர்க்க ஒரு நாள் சாயங்காலம் போயிற்று. கீபோர்டுக்குள் 'லோக்கல்' என்று ஒரு அமைப்பு உண்டு. அதை அணைத்துவிட்டால் கட்டை தன் சொந்தச் சத்தத்தோடு நேரடியாகப் பேசாது. வெளியே போய், பெட்டியைச் சுற்றிக்கொண்டு, திரும்பி வந்தால்தான் பேசும். பெட்டி இல்லாவிட்டால் கீபோர்டு ஊமை. இருக்கட்டும் என்று அணைத்தார்.

"இந்த ஒயர்ல பாட்டு போவுதா?" என்று கேட்டாள் மெஹர் பானு.

"பாட்டு போவாது. எந்தக் கட்டை, எவ்ளோ அழுத்தம், எப்ப தொட்டது, எப்ப விட்டது. அவ்ளோதான் போவும். சத்தமே கெடையாது."

"நா கேக்குற மாதிரி" என்றாள் அவள்.

அவருக்கு அப்போது அது புரியவில்லை.

அவர்கள் குடியிருந்தது இரண்டு அறை உள்ள ஒரு போர்ஷன். மாடியில் வீட்டுக்காரர் சத்யநாராயணன், ரிட்டயர்டு கணக்கு வாத்தியார், எட்டரைக்குப் படுத்துவிடுவார். பகலிலேயே அவருக்குப் பாட்டுச் சத்தம் ஆகாது; எட்டரைக்கு மேல் கீழே அப்பளம் உடைந்தால்கூட மேலே ஜன்னல் திறக்கும். அதனால் ஷாகுல் பாய் வீட்டில் வாசிப்பதெல்லாம் ஹெட்போனில்தான். கச்சேரிக்கும் மெஹர் பானு வந்ததில்லை. வரவேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை. எல்லாக் கச்சேரியும் அடுத்தவர் வீட்டுக் கல்யாணம். பத்திரிகை வைக்காத கல்யாணத்துக்கு எப்படிப் போவது என்பது அவளுடைய கட்சி. கூப்பிட்டுக் கூப்பிட்டு அவரும் விட்டுவிட்டார்.

மறுநாளிலிருந்து பதிவு ஆரம்பமாயிற்று. இங்கேதான் பெட்டி தன் பெருந்தன்மையைக் காட்டியது. அது சத்தத்தைப் பிடித்து வைப்பதில்லை, தொட்டதை மட்டும் குறித்து வைக்கிறது. அதனால் எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் வாசிக்கலாம். பிறகு வேகத்தைக் கூட்டினால் சுதி மாறாது, ஓட்டம் மட்டும் கூடும். நிமிஷத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு தாளத்தில் ஓடவேண்டிய பாட்டை அவர் நாற்பதில் வைத்தார். நாற்பதில் எந்தக் காதல் பாட்டும் துக்க வீட்டுக்கு வந்தவர்கள் செருப்பைத் தேடுகிற மாதிரிதான் இருக்கும். இடது கைக்கு அதுவே போதுமான அவகாசம். ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்கு அது யோசித்து, தயங்கி, போய்ச் சேர்ந்தது. பல்லவிக்கு ஒரு சாயங்காலம், சரணத்துக்கு இரண்டு. இப்படி ஆறு பாட்டு, ஆபீசிலிருந்து வந்ததும் வராததுமாக.

ரிகர்சலுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மாலை, சத்யநாராயணன் சார் திருநீர்மலை கோயிலுக்குப் போயிருந்தார். ஷாகுல் பாய் ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு, வேகத்தை நூற்றுப் பன்னிரண்டுக்கு ஏற்றி, பொத்தானை அழுத்தினார். இடது கைப் பகுதி முழுக்கப் பெட்டியிலிருந்து வந்தது. ஒரு பிசிறு இல்லை. வலது கையால் அதன்மேல் பாட்டை வாசித்தார். நாலு மாசத்துக்குப் பிறகு முதல் தடவையாக முழுப் பாட்டு. கண் கலங்கிவிட்டது. அடுக்களைக்குக் கேட்கும்படி, "எப்டி?" என்றார்.

மெஹர் பானு கத்தியும் பாகற்காயுமாக வந்து நின்றாள். "நல்லாத்தான் கீது. யாரு வாசிக்கிறது?"

"நாந்தான்! இடது கையும் நாந்தான். மெதுவா வாசிச்சு வேகமா வுட்ருக்கேன்."

"இல்ல."

"இன்னா இல்ல?"

"வலது கை நீங்க. இடது கை வேற யாரோ."

ஷாகுல் பாய்க்குச் சுள்ளென்று வந்தது. "இவ்ளோ நாள்ல ஒரு கச்சேரி கேட்டிருப்பியா நீ? ஹெட்போன மாட்டினு வாசிச்சா உனக்கு இன்னா கேட்டிருக்கும்?"

"கட்டை சத்தம் கேக்கும்ல?"

அவள் கத்தியை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, பீரோ கதவின்மேல் விரல் கணுவால் தட்ட ஆரம்பித்தாள். வலது கைக்கு மேல்பக்கம், இடது கைக்குக் கீழ்ப்பக்கம். டக், டொக். டக், டொக். "வலது கை டக்குன்னு வுழும். இடது கை கூடவே வராது. ஒரு துளி கழிச்சு டொக்குனு வரும். செருப்பக் கழட்டிட்டு உள்ள வர்ற ஆளு மாதிரி. நீங்க எப்பவும் அப்டித்தான் வாசிப்பீங்க. இது..." என்று பெட்டியைக் காட்டினாள். "இது மிஷின் தையல் மாதிரி நேரா கீது. கை தையல் இப்டி வராது."

"இன்னொரு வாட்டி தட்டு."

தட்டினாள். அவர் வாசித்த பாட்டுதான். பல்லவி முடிந்து, நடுவில் புல்லாங்குழலுக்கு விடுகிற இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, சரணத்துக்குள் போனாள். அதை முடித்து வேறொரு பாட்டுக்குப் போனாள். பிறகு இன்னொன்று. எந்தப் பாட்டின் பெயரும் அவளுக்குத் தெரியாது. எந்தப் பாட்டிலும் ஸ்வரம் கிடையாது. அவருடைய இருபத்தைந்து வருஷத்துச் சாயங்காலங்கள், வெறும் தட்டலாக, பாகற்காய்க் கையோடு, பீரோ கதவில் ஓடிக்கொண்டிருந்தன.

"இதெல்லாம் எப்ப மனப்பாடம் பண்ணின?" என்று கேட்டார்.

"மனப்பாடம் இன்னா, துணி மடிக்கும்போது கேக்குறதுதான். சத்தம் நின்னா சாப்பாடு போடணும்ல."

அவர் பெட்டியைத் திரும்பக் கையில் எடுத்தார். ஓரத்தில் ஒரு சின்னப் பொத்தானுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. 'குவாண்டைஸ்'. முதல் நாளிலிருந்தே எரிந்தது. பெட்டி உயிரோடு இருப்பதற்கு அடையாளம் என்று நினைத்திருந்தார். அழுத்திப் பார்த்த பிறகுதான் அதன் வேலை தெரிந்தது. முன்னே பின்னே விழுந்த தட்டல்களையெல்லாம் இழுத்துத் தாளத்தின் கோட்டில் நிறுத்துவது. வகுப்பில் பிள்ளைகளை உயர வரிசையில் நிற்க வைக்கிற ட்ரில் மாஸ்டர் மாதிரி ஒரு பொத்தான். அதை அணைத்தார். திங்களும் செவ்வாயும் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, ஆறு பாட்டையும் முதலிலிருந்து வாசித்தார். அதற்குள் இடது கைக்கு வழி பழகியிருந்தது.

அதில் ஓர் ஆச்சரியம் இருந்தது. நாற்பது தாளத்தில் வாசிக்கும்போது நோய் பிடித்த கை நன்றாகவே பிந்தியது, காதுக்கே கூசும்படி. வேகத்தை நூற்றுப் பன்னிரண்டுக்குக் கொண்டுபோனதும் அந்தத் தாமதமும் சேர்ந்து சுருங்கியது. சுருங்கி, சரியாக ஒரு துளியில் வந்து நின்றது. டக், டொக்.

செவ்வாய் சாயங்காலம், மாடிக்குக் கேட்காத அளவுக்குச் சத்தத்தைக் குறைத்து ஓடவிட்டார். மெஹர் பானு யூனிட்டிலிருந்து வந்து, பையைக்கூட இறக்காமல் வாசலிலேயே நின்று கேட்டாள். செக்கர் ஒரு பர்ஸைப் பாஸ் பண்ணும்போது செய்கிறதைப் போலத் தலையை ஒருமுறை ஆட்டினாள்.

புதன்கிழமை சாயங்காலம் அனகாபுத்தூரில் குமரேசன் வீட்டு மாடி ஷெட்டில் ரிகர்சல். ஆட்டோவில் கீபோர்டு, பெட்டி, ஷாகுல் பாய், ஒயர் சொருகுவதற்கு மெஹர் பானு. ரிகர்சல் கல்யாணம் அல்ல என்பதால் அவள் வர ஒப்புக்கொண்டாள். டிரம் பேடுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த சின்னப்பன் எழுந்து வந்து இடம் விட்டார்.

"வா பாய், வா பாய். இன்னா இது, டிபன் பாக்ஸா?"

"என் இடது கை" என்றார் ஷாகுல் பாய்.

சின்னப்பன் சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் குமரேசனைப் பார்த்தார். ஷாகுல் பாய் உட்கார்ந்து, வலது கையை வைத்து, முதல் கட்டையைத் தொட்டார். சத்தம் வரவில்லை. மறுபடி தொட்டார். இரண்டு கையாலும் தொட்டார். கட்டைகள் மட்டும் மேலும் கீழும் போய் வந்தன. குமரேசன் தரையைப் பார்த்தார். சின்னப்பன் ஒரு குச்சியைத் துடைக்க ஆரம்பித்தார். அந்த ஷெட்டில் இருந்த எல்லாரும் ஒரு மனிதரின் கையைப் பற்றி வருத்தப்பட்டுக்கொண்டிருந்தபோது, தையல் ஓட்டத்தைக் கவனிக்கிற பழக்கத்தில் மெஹர் பானு கீபோர்டின் பின்பக்கம் குனிந்தாள்.

"ஏங்க, திரும்ப வாயையும் வாயையும் கட்டிட்டேன்" என்றாள்.

மாற்றிச் சொருகினாள். சத்தம் வந்தது. குமரேசன் சிரித்துவிட்டார், தொண்டையில் நாலு மாசமாக மாட்டியிருந்தது வெளியே வந்த மாதிரி.

பாட்டு ஆரம்பித்தது. பெட்டி பேஸைப் போட்டது. பல்லவியைச் சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டிருந்தது, ஷாகுல் பாய் பொத்தானைத் தொட்டபோது சரணத்துக்கு நகர்ந்தது. குமரேசன் இரண்டாவது வரியில் கண்ணை மூடிக்கொண்டார். முடிந்ததும் மைக்கை ஸ்டாண்டில் வைத்தார்.

"அந்த லேப்டாப்காரரோட ரெண்டு வாட்டி பாடிப் பாத்தேன் பாய்" என்றார் பிறகு. "எல்லாம் சுத்தமா இருக்கு. ஆனா எனக்கு மூச்சு முட்டுது. ஏன்னு இப்பத்தான் தெரியுது. உங்க இடது கை வர்றதுக்குள்ள ஒரு சந்து இருக்கும்ல, அதுலதான் நான் இவ்ளோ வருஷமா மூச்சு எடுத்துட்டு இருந்திருக்கேன்."

"அப்ப ஞாயித்துக்கிழமை?"

குமரேசன் தலைவர். தலைவர்கள் முழுசாகச் சரி சொல்வதில்லை. "வாசிங்க பாய். ஆனா பெரிய எடம். மேடைல பொட்டி நின்னுடுச்சுன்னா? அவரையும் வரச் சொல்லி ஓரமா உக்கார வைக்கிறேன். சும்மா ஒரு தைரியத்துக்கு. அப்புறம், கைதட்டல். அதையும் பொட்டிக்குள்ள போட்ருங்க."

"அத மட்டும் வுட்ரு. அந்த ஒண்ணு என் கைல கெடக்கட்டும்."

"லேட்டாயிடும் பாய்."

"ஆவட்டும்."

குமரேசன் வாதம் செய்யவில்லை. பையிலிருந்து கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்தார். மண்டபத்து விலாசத்துக்காகப் பெண் வீட்டார் கொடுத்தது. கவர்மேல் பேனாவால் 'திருமதி மெஹர் பானு' என்று எழுதி, இரண்டு கையாலும் நீட்டினார். "அக்கா, ஒயர் சொருக வேற ஆளு இல்ல. அவசியம் வரணும்."

அவள் கவரை முன்னும் பின்னும் திருப்பி, ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். "மஞ்சள் தடவவே இல்லியே."

சின்னப்பன் கீழே ஓடிப்போய்க் குமரேசன் வீட்டு அடுக்களையிலிருந்து மஞ்சள் கொண்டுவந்தார்.

ஞாயிற்றுக்கிழமை குரோம்பேட்டை மண்டபத்தில் ஏழு மணிக்கு மாப்பிள்ளையும் பெண்ணும் மேடையில் நின்றார்கள். எதிரே ஐந்நூறு நாற்காலி, அதில் பாதிக்கு மேல் காலி. சாப்பாட்டு ஹால் கதவு திறக்கும் சத்தம் கேட்டிருந்தது. மெஹர் பானு வாயைக் காதோடும் காதை வாயோடும் சேர்த்து, ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு, கைப்பையில் பத்திரிகையோடு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள். மேடையோரத்தில் லேப்டாப்காரர் மடியில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்கு வந்த ஆம்புலன்ஸ் மாதிரி அடக்கமாக இருந்தார்.

முதல் பாட்டு ஓடியது. பெட்டி நிற்கவில்லை. குமரேசன் மூச்சு எடுக்க வேண்டிய இடத்தில் எடுத்தார். கடைசி வரி முடிந்தது, ஷாகுல் பாய் வலது கையால் பெட்டியை நிறுத்தினார்.

இப்போது கைதட்டல் வர வேண்டும்.

மடியிலிருந்த இடது கை நகரவில்லை. அவர் அதைப் பார்த்தார். அது நடுங்கியது. மைக்கில் காற்று இரைந்தது. மண்டபத்தில் யாரோ பாயசத்தில் முந்திரி இல்லை என்று சொன்னது மேடை வரைக்கும் கேட்டது. வலது கையை நீட்டினால் ஒரு நொடியில் அந்தக் கட்டையைத் தொட்டுவிடலாம். அவர் நீட்டவில்லை. சின்னப்பன் குச்சியைத் தூக்கியபடியே இருந்தார். லேப்டாப்காரர் நல்ல மனிதர். அவர் கணினியிலும் கைதட்டல் உண்டு. விரலைக் கொண்டுபோனார்.

குமரேசன் தலையைச் சாய்த்தபடி, மைக்கை நெஞ்சோடு வைத்தபடி, அவர் பக்கம் உள்ளங்கையைக் காட்டினார். பொறுங்கள்.

அப்படியே நின்றார். பெண்ணின் அப்பா மேடைக்குக் கீழே வந்து, "என்னாச்சு சார், மைக் போயிடுச்சா?" என்று கேட்டார். குமரேசன் அதற்கும் நிமிரவில்லை. எட்டாவது ஆள் எங்கிருந்தோ வந்து ஏறிக்கொண்டான் போலிருக்கிறது. இடது கை மடியை விட்டுக் கிளம்பியது. கீபோர்டின் விளிம்பில் இடித்துக்கொண்டது. ஓரம் வரைக்கும் தவழ்ந்து போனது. சுண்டுவிரல் கடைசிக் கட்டையில் விழுந்தது.

ஆயிரம் பேர் எழுந்து நின்று தட்டினார்கள்.

"நன்றி" என்றார் குமரேசன். "நன்றி..."

மெஹர் பானு திடுக்கிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். பின்னால் காலி நாற்காலிகளும், பலூனோடு தூங்கிப்போன ஒரு குழந்தையும்தான். அவள் மறுபடி மேடையைப் பார்த்தாள். இத்தனை வருஷம் ஒவ்வொரு பாட்டு முடிந்ததும், ஓரத்தில் தனியாக ஒரு டொக் கேட்குமே, அது என்னவென்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

குமரேசன் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு மேடையோரத்துக்குக் குனிந்தார்.

"சார், நீங்க லேப்டாப்ப மூடிட்டுப் போய்ச் சாப்பிடுங்க. ரெண்டாவது பந்தி போட்டுட்டாங்க."

பிறகு நிமிர்ந்து ஷாகுல் பாயைப் பார்த்துத் தலையசைத்தார். அடுத்த பாட்டு. முதல் வரிசையில் மெஹர் பானு, நாற்காலிக் கைப்பிடியின்மேல் விரல் கணுவை வைத்துக்கொண்டு தயாராக இருந்தாள்.